டிஃபெண்டர் அழித்த பேக்டோர் மறுநாளே திரும்பி வருவது ஏன்? சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால் போதுமா?

திருத்துறைப்பூண்டியில் ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்த்து ஒரு கடை நடத்தும் தம்பி கேட்டிருக்கிறார். கடைக் கணினியில் இருப்பது விண்டோஸ் 10. ஒரு வாரமாக, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் 'பேக்டோர்' என்று தொடங்கும் ஒரு பெயரைக் காட்டி, அகற்றிவிட்டதாகச் சொல்கிறது. மறுநாள் காலையில் கணினியைப் போட்டால் அதே பெயர் மறுபடியும் வருகிறது. நெட் மெதுவாகியிருக்கிறது. ஒருமுறை மவுஸ் அம்பு தானாக நகர்ந்ததாம். சர்வீஸ் பார்ப்பவர் சி டிரைவை மட்டும் ஃபார்மட் பண்ணிவிடலாம் என்கிறார். அதோடு போய்விடுமா, உள்ளே இருக்கும் ஐந்து வருட ஃபைல்களை என்ன செய்வது என்பது கேள்வி.

தம்பி, செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. அந்தக் கணினியின் நெட் கேபிளை இப்போதே கழற்றுங்கள். வைஃபை என்றால் அணைத்துவிடுங்கள். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் செருகியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். டோக்கனுக்குள் இருக்கும் சாவியை யாரும் நகலெடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் பின் நம்பர் தட்டுவதைப் பதிவுசெய்துவிட்டால், டோக்கன் செருகியிருக்கும் வரை உங்கள் பெயரில் கையெழுத்துப் போட, பேக்டோர் வழியாக உள்ளே வந்திருக்கும் ஆளால் முடியும். இனி அந்தக் கணினியில் ஒரு பாஸ்வேர்டும் தட்ட வேண்டாம், 'மாற்றிவிடலாம்' என்று நினைத்தும் தட்ட வேண்டாம். புதிய பாஸ்வேர்டும் அவன் கைக்கே போகும்.

அடுத்து உங்கள் போனை எடுங்கள். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குப் போய்க் கடைக் கணினியை வெளியேற்றுங்கள். நம் ஊர்க் கடைகளில் வாட்ஸ்அப் வெப் காலை முதல் இரவு வரை திறந்தே கிடக்கிறது. வாடிக்கையாளர் அனுப்பும் ஆதார், பாஸ்புக் எல்லாம் அதில்தான் வந்து விழுகிறது. பிறகு ஜிமெயில். பாஸ்வேர்டை மாற்றுங்கள், மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். மெயிலை முதலில் பிடிக்கச் சொல்வதற்குக் காரணம், மற்ற எல்லாக் கணக்குகளின் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' வழியும் அங்கேதான் போய் முடிகிறது. மெயிலுக்குப் பிறகு வங்கி, அதற்குப் பிறகு நீங்கள் விண்ணப்பம் போடும் தளங்களின் லாகின்.

வெளியேறுவதை இவ்வளவு வலியுறுத்துவது ஏன் என்றால், இப்போது திருடர்களுக்குப் பாஸ்வேர்டைவிட விருப்பமான பொருள் குக்கி. நீங்கள் ஓடிபி போட்டு ஒருமுறை உள்ளே நுழைந்ததும் பிரவுசர் ஒரு அடையாளச் சீட்டைச் சேமித்து வைக்கிறது. அடுத்த முறை உங்களிடம் ஓடிபி கேட்காததற்கு அந்தச் சீட்டுதான் காரணம். அதை நகலெடுத்துத் தன் கணினியில் வைத்துக்கொண்டால் அவனிடமும் ஓடிபி கேட்காது. பாஸ்வேர்டை மாற்றினால் சில தளங்கள் பழைய சீட்டை ரத்து செய்யும், சில செய்யாது. அதனால் வெளியேற்றுவதைத் தனியாகச் செய்ய வேண்டும். இன்னொன்றும் பாருங்கள். நம்பகமான வேறொரு கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அமைப்புகளில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டிலும் நீங்கள் போடாதது ஏதாவது இருக்கிறதா என்று சரிபாருங்கள். மெயில்களெல்லாம் ஒரு பிரதி வெளியே போகும்படி அமைத்துவிட்டுப் போவது பழைய பழக்கம். பாஸ்வேர்டு மாறினாலும் அது தொடரும்.

பணம் ஏதாவது போயிருந்தால் மட்டும் வரிசை மாறும். உடனே சைபர் குற்றப் புகார்களுக்கான 1930 எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவுசெய்யுங்கள், வங்கிக்கு அன்றைக்கே எழுத்தில் தெரியப்படுத்துங்கள், கணினியை அழிக்காமல் அப்படியே வையுங்கள். புகார் என்று வந்துவிட்டால் அந்தக் கணினி ஒரு சாட்சி. பணம் போகவில்லை என்றாலும், டிஃபெண்டரின் 'பாதுகாப்பு வரலாறு' பக்கத்தைப் போனில் படமெடுத்து வையுங்கள். பெயர், தேதி, ஃபைல் இருந்த இடம் மூன்றும் படத்தில் தெரிய வேண்டும்.

இனி விளக்கம். பேக்டோர் என்பது, உங்கள் பாஸ்வேர்டு, பூட்டு எதையும் தொடாமல் இன்னொருவர் உங்கள் கணினிக்குள் வந்துபோக வழி வைத்திருக்கும் நிரல். மற்ற வைரஸ்கள் தனக்கு இட்ட வேலையைச் செய்துவிட்டுப் போகும். இதில் மறுமுனையில் ஒரு ஆள் இருக்கிறான். இன்று திரையைப் பார்க்கலாம், நாளை ஃபைல்களை எடுக்கலாம், அடுத்த வாரம் வேறொரு நிரலை இறக்கலாம். என்ன செய்தான் என்பதை டிஃபெண்டர் உங்களுக்குச் சொல்லாது. தான் பார்த்த ஃபைலின் பெயரை மட்டும்தான் அதனால் சொல்ல முடியும்.

1998-ல் பேக் ஆரிஃபிஸ், நெட்பஸ் என்று இரண்டு நிரல்கள் பேர் பெற்றன. நெட்பஸ் 12345 என்ற போர்ட்டையும் (கணினியில் நெட் தொடர்பு வந்துபோகும் எண்ணிட்ட வாசல்), பேக் ஆரிஃபிஸ் 31337-ஐயும் திறந்து வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து ஆள் வரட்டும் என்று காத்திருக்கும். வீட்டுக்கு வீடு ரவுட்டர் வந்தபிறகு அந்த வழி அடைபட்டது. வெளியிலிருந்து தானாக உள்ளே வரும் தொடர்பை ரவுட்டர் தடுத்துவிடும். அதனால் இப்போது வருபவை திசையை மாற்றிக்கொண்டன. உங்கள் கணினியே வெளியே போய் அவனைக் கூப்பிடுகிறது. அதுவும் பெரும்பாலும் சாதாரண இணையப் பக்கம் திறக்கும் அதே 443 போர்ட் வழியாக. சில டெலிகிராம் வழியாகப் பேசும். இந்த வகையில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் என்ஜேரேட், அசிங்க்ரேட், ரெம்கோஸ். 'ரவுட்டர் இருக்கிறது, ஃபயர்வால் போட்டிருக்கிறோம்' என்று நிம்மதியாக இருக்க முடியாமல் போனது இதனால்தான்.

மவுஸ் நகர்ந்ததை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். டச்பேடில் ஈரம் பட்டாலும், வயர்லெஸ் மவுஸின் பேட்டரி தீர்ந்தாலும் அம்பு ஓடும். உள்ளே இருப்பவன் அநேகமாக மவுஸைத் தொடவே மாட்டான், தெரியாமல் இருப்பதில்தான் அவனுக்கு லாபம். நெட் மெதுவானதைத்தான் நான் கவனிப்பேன். வெறும் பேக்டோர் நெட்டை அவ்வளவு தின்னாது. ஃபைல்கள் வெளியே போய்க்கொண்டிருக்கலாம், அல்லது உங்கள் இணைப்பைப் பிறர் தங்கள் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். சின்ன வித்தியாசம் என்று விட்டுவிடாமல் கேட்டது நல்லது. 2024 மார்ச்சில், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தின் உலகையே உலுக்கிய எக்ஸ்இசட் (ஃபைல்களைச் சுருக்கும் ஒரு கருவி) பேக்டோர் வெளியே தெரிந்ததே, லாகின் வழக்கத்தைவிடச் சுமார் அரை விநாடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கவனித்ததால்தான்.

சரி, ஏன் திரும்பி வருகிறது? டிஃபெண்டர் பிடிப்பது ஃபைலை. அந்த ஃபைலைக் கொண்டுவந்து வைக்கும் வேலை வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கும். வரப்பில் எலி வளையின் ஒரு வாயை மண் போட்டு மூடினால் இன்னொரு வாய் வழியாக வந்துவிடுவது உங்களுக்குத் தெரியாததில்லை. இதுவும் அப்படித்தான்.

அந்த மற்ற வாய்களைக் கண்ணால் பார்க்க ஒரு நல்ல கருவி ஆட்டோரன்ஸ். கணினியில் தானாகத் தொடங்கும் எல்லாவற்றையும் பட்டியலிடும். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. வேறு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி, பென்டிரைவில் கொண்டுபோய், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். அந்தப் பென்டிரைவை இனி வேறெங்கும் செருக வேண்டாம். ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கச் சொன்னால் பட்டியல் பாதிக்குமேல் குறைந்துவிடும். மீதியில், வெளியிட்டவர் பெயர் இல்லாத வரி இளஞ்சிவப்பாகத் தெரியும். மஞ்சள் என்றால் ஃபைல் இப்போது இல்லை, பதிவு மட்டும் மிச்சம். டிஃபெண்டர் அழித்த ஃபைலின் பதிவு மஞ்சளாக இருப்பதைப் பல கணினிகளில் பார்க்கலாம். இளஞ்சிவப்பு எல்லாமே கெட்டது என்று அர்த்தமில்லை. பழைய பிரிண்டர் டிரைவர், தமிழ் டைப்பிங் மென்பொருள்கூட அப்படி வரும். பார்க்க வேண்டியது ஃபைல் இருக்கும் இடம். ஒழுங்கான நிரல் பெரும்பாலும் புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும். ஆப்டேட்டாவுக்குள் ரோமிங்கிலோ டெம்ப்பிலோ, பொருளில்லாத எழுத்துக்களில் ஒரு ஃபோல்டர், அதற்குள் 'எஸ்விசிஹோஸ்ட்' என்று விண்டோஸின் சொந்த நிரல் பெயரைச் சூட்டிக்கொண்ட ஒரு ஃபைல் என்றால் சந்தேகமே வேண்டாம். உண்மையான எஸ்விசிஹோஸ்ட் விண்டோஸ் ஃபோல்டருக்குள்தான், பொதுவாக சிஸ்டம்32-ல் இருக்கும்.

அதிலேயே ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்) பகுதியை நிதானமாகப் பாருங்கள். ஏதோ ஒரு 'அப்டேட்' என்ற பெயரில், சில நிமிடத்துக்கு ஒருமுறை, கட்டளைகளை ஓட்டும் விண்டோஸ் நிரலான பவர்ஷெல்லைக் கூப்பிடும் ஒரு டாஸ்க் இருந்தால், அதற்குள் இருக்கும் நீளமான புரியாத எழுத்து வரிசைதான் தினமும் புதிய ஃபைலை இறக்குகிறது. அதேபோல் டிஃபெண்டரின் 'விலக்குகள்' பட்டியலையும் திறந்து பாருங்கள். சில கணினிகளில் ஒரு ஃபோல்டரையோ முழு சி டிரைவையுமோ 'இதைச் சோதிக்காதே' என்று அதில் சேர்த்துவிட்டுப் போயிருப்பார்கள். சில கிராக் மென்பொருளின் செட்டப்பும், விண்டோஸை ஆக்டிவேட் செய்ய ஓட்டும் கேஎம்எஸ் கருவிகளும் கேட்டுக்கொண்டே செய்வது இது. 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இதை ஓட்டுங்கள்' என்று எழுதியிருக்கும், நாமும் அணைப்போம். நம் பக்கத்து டிடிபி கடைகளில் பேஜ்மேக்கர், கோரல்டிரா, போட்டோஷாப் எப்படி வந்து சேர்ந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். உங்கள் கணினிக்கும் இது வந்த வழி அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது வழி வாடிக்கையாளரின் பென்டிரைவ். செருகியதும் உள்ளே இருந்த ஃபோல்டர்களுக்குப் பதிலாக ஷார்ட்கட்கள் மட்டும் தெரிகிறதா? திறக்காமல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் 'டார்கெட்' என்ற கட்டத்தைப் பாருங்கள். ஃபோல்டரின் பெயர் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் சிஎம்டி, டபிள்யூஸ்கிரிப்ட் என்று தொடங்கி ஒரு நீண்ட வரி ஓடும். இரட்டைக் கிளிக் செய்தால் முதலில் அந்த ஸ்கிரிப்ட் ஓடும், அதன்பின் ஒன்றும் நடக்காததுபோல் உண்மையான ஃபோல்டரும் திறக்கும். திறந்தவருக்குச் சந்தேகமே வராது. உண்மை ஃபைல்கள் அழிவதில்லை, மறைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவதை யாரும் பேக்டோராகவே நினைப்பதில்லை. எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர் போன்றவை ஒழுங்கான மென்பொருள்கள். ஆனால் எப்போதோ பிரிண்டர் டிரைவர் போட வந்தவர், 'அடுத்த முறை நேரில் வர வேண்டாம், அங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன்' என்று நிரந்தர பாஸ்வேர்டு போட்டு நிறுவிவிட்டுப் போயிருந்தால், அந்தப் பாஸ்வேர்டு தெரிந்த எவரும் உங்களைக் கேட்காமல் உள்ளே வரலாம். ஆன்டிவைரஸ் அதைப் பற்றிப் பெரும்பாலும் வாய் திறக்காது. தேவையில்லை என்றால் நீக்குங்கள், தேவை என்றால் நிரந்தர பாஸ்வேர்டையாவது எடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் கண்டுபிடித்துக் கையால் நீக்கிவிட முடியாதா என்று கேட்பீர்கள். பல நேரம் முடியும். டிஃபெண்டரிலேயே 'ஆஃப்லைன் ஸ்கேன்' இருக்கிறது. விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே சுமார் கால் மணி நேரம் ஓடும் என்பதால், விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்பவையும் சிக்கும். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர், மால்வேர்பைட்ஸ் போன்றவற்றை இரண்டாவது கருத்துக்கு ஓட்டிப் பார்க்கலாம். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் உண்டு. வீட்டில் பிள்ளைகள் விளையாடும் கணினி, வங்கி வேலை எதுவும் அதில் இல்லை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

உங்களுடையது அப்படியல்ல. நவம்பரில் சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்குக் கெடு நெருங்கும்போது உங்கள் கடை வாசலில் எத்தனை விவசாயிகள் நிற்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரின் ஆதார் நகல், சிட்டா, அடங்கல், பாஸ்புக் முதல் பக்கம், கைபேசி எண் எல்லாம் அந்த ஒரே டிரைவில் இருக்கிறது. ஒரு வாரமாக வேறொருவன் கை உள்ளே இருந்த கணினியில், 'ஸ்கேன் செய்தேன், ஒன்றும் காட்டவில்லை' என்பதை நம்பி அவர்கள் காகிதத்தை இனிமேலும் வைப்பது சரியில்லை. ஸ்கேன் காட்டாதது இல்லாததற்குச் சாட்சியாகாது. அவன் எதை விட்டுவிட்டுப் போனான் என்பதை வெளியிலிருந்து யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது. அதனால் முழு டிஸ்க்கையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சி டிரைவ் மட்டும் போதாது என்பதற்குக் காரணம் உங்கள் டி டிரைவிலேயே இருக்கிறது. அநேகமாக 'சாஃப்ட்வேர்' என்றொரு ஃபோல்டர் இருக்கும், கணினி வாங்கிய நாளில் சர்வீஸ்காரர் போட்டுவைத்தது. உள்ளே எல்லா செட்டப்பும், அவற்றின் கிராக்கும். சி-யைத் துடைத்துவிட்டு அந்த ஃபோல்டரிலிருந்தே மறுபடி பேஜ்மேக்கரை நிறுவினால், பழைய ஆளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்த மாதிரிதான். அவர் பென்டிரைவில் கொண்டுவரும் 'ஆக்டிவேட் ஆன' விண்டோஸும் வேண்டாம். அதை யார் என்ன சேர்த்துத் தயாரித்தார்கள் என்று அவருக்கும் தெரியாது.

8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு பென்டிரைவை எடுத்துக்கொண்டு, நல்ல கணினி ஒன்றில் மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கித் தயார் செய்யுங்கள். விண்டோஸோடு வாங்கிய கணினி என்றால் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், அதே பதிப்பைப் போட்டால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். நிறுவும்போது வரும் பட்டியலில் அந்த டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷனையும் நீக்குங்கள். வெறும் இடமாக மிஞ்சியபின் அதில் நிறுவுங்கள். யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள், பாதியில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. கணினி ஏற்றுக்கொண்டால் 11-க்கே போய்விடுங்கள்.

அதற்கு முன் ஃபைல்கள். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகாதீர்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் எக்ஸ்டென்ஷன் (ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள்) தெரியும்படி வைத்துக்கொண்டு, ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் படங்கள், பிடிஎஃப், வேர்டு, எக்செல், பேஜ்மேக்கர் கோப்புகளை மட்டும் எடுங்கள். ஈஎக்ஸ்இ, எஸ்சிஆர், பேட், விபிஎஸ், ஷார்ட்கட், ஐஎஸ்ஓ ஒன்றும் வேண்டாம். தமிழ் ஃபான்ட் கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம், ஃபான்ட் நிறுவும் செட்டப்பை விட்டுவிடுங்கள். பிடிஎஃப் படத்தோடு தெரிந்து, பெயர் ஈஎக்ஸ்இ என்று முடிகிறதா என்றும் பாருங்கள். எடுத்ததைப் புதிய விண்டோஸில் முழுதாக ஸ்கேன் செய்தபிறகுதான் திறக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். வாடிக்கையாளரின் ஆதார், பாஸ்புக் நகல்களைப் புதிய கணினிக்குக் கொண்டுபோகாதீர்கள். 'அடுத்த வருஷம் மறுபடி வருவார், வசதியாக இருக்கும்' என்றுதான் வைத்திருப்பீர்கள், தெரியும். அந்த வசதிதான் இன்று ஐந்து வருட வாடிக்கையாளர்களையும் ஆபத்தில் நிறுத்தியிருக்கிறது. இனி வேலை முடிந்து ரசீது கொடுத்ததும் ஸ்கேனை அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். வாட்ஸ்அப் வெப்பைக் கடை மூடும்போது லாக் அவுட் செய்யுங்கள். இந்த ஒரு வாரத்தில் ஆவணம் கொடுத்தவர்கள் யார் என்று தெரிந்தால் அவர்களிடம் நேரில் சொல்லிவிடுங்கள். வங்கிக் கணக்கைக் கவனிக்கச் சொல்லுங்கள், ஆதாரில் கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதி இருப்பதையும் காட்டிக்கொடுங்கள். சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் தன் பெயரில் ஏதாவது நடந்தபிறகு அவர் தானாகத் தெரிந்துகொள்வதைவிட, உங்கள் வாயால் இப்போதே தெரிந்துகொள்வது அவருக்கு நல்லது.

புதிய விண்டோஸில் தினசரி வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் இல்லாத சாதாரணக் கணக்கைப் பயன்படுத்துங்கள். பென்டிரைவைச் செருகியதும் தானாகத் திறக்கும் ஆட்டோபிளேயை அணையுங்கள். பிரவுசரில் பாஸ்வேர்டு சேமிக்க வேண்டாம், உங்கள் பெயரில் ஓடும் நிரல் அதைப் படிக்க வழிகள் உண்டு. கடிதம், விண்ணப்ப வேலைக்கு லிப்ரெஆஃபிஸ், படத்துக்கு ஜிம்ப், அழைப்பிதழ் வடிவமைப்புக்கு இங்க்ஸ்கேப் பழகிப் பாருங்கள். முதல் சில வாரம் கை தடுமாறும். கல்யாண சீசனில் அது கஷ்டம் என்றால், ஒரே ஒரு மென்பொருளுக்காவது உரிமம் வாங்கிவிடுங்கள்.

பென்டிரைவுக்கு வழி இருக்கிறது. வீட்டிலோ உறவினரிடமோ பள்ளியில் கொடுத்த பழைய அரசு லேப்டாப் ஒன்று ஓடும் நிலையில் கிடந்தால், அதில் லினக்ஸ் போட்டுக் கடை முன்மேசையில் வையுங்கள். அதற்கு நெட் வேண்டாம். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவை அதில் மட்டும் செருகுங்கள். விண்டோஸுக்கு எழுதப்பட்ட அந்த ஷார்ட்கட்டும் ஸ்கிரிப்டும் லினக்ஸில் ஓடாது, மறைத்து வைத்த ஃபைல்களும் அதில் பெரும்பாலும் நேரடியாகத் தெரியும். பிரிண்டரையும் அதிலேயே இணைத்துவிட்டால் வெறும் பிரிண்ட் எடுக்க வருபவர்களின் வேலை அங்கேயே முடிந்துவிடும். திருத்தம் செய்ய வேண்டிய ஃபைல் என்றால் அதை மட்டும் உங்கள் சொந்தப் பென்டிரைவில் நகலெடுத்து விண்டோஸுக்குக் கொண்டுபோய், ஸ்கேன் செய்துவிட்டுத் திறங்கள்.